டயாலிசிஸில் இருக்கும் அப்பாவைக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போகலாமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அப்பாவுக்கு 61 வயது. சென்னையில் இரண்டு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி காலை ஷிஃப்டில் டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷனில் இணைத்த இரத்தக்குழாய். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. துறைமுகத்தில் 30 வருடம் குமாஸ்தா வேலை பார்த்தும் ஒரு பயணிகள் கப்பலில்கூட ஏறியதில்லை, ஏறிப் பார்க்க ஆசை. சென்னையிலிருந்து புறப்படும் இரண்டு இரவுப் பயணத்துக்குக் கூட்டிப் போகலாம் என்பது உங்கள் யோசனை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ ஃப்ளோரிடாவிலிருந்து ஏழு இரவு கரீபியன் பயணம் என்கிறார். டாக்டர் "போகலாம், ஆனா டயாலிசிஸை விடக்கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "கப்பல் பாதுகாப்பா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது வேறு இரண்டு என்று நினைக்கிறேன்: ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போனால் என்ன ஆகும், நடுக்கடலில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. 18 வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். ஊசி குத்துவது, மெஷின் ஓட்டுவது, ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிப்பது, எடை மெஷினில் ஏறியவரின் முகத்தைப் பார்த்தே எத்தனை கிலோ ஏறியிருக்கும் என்று ஊகிப்பது, இதுதான் என் வேலை. கப்பலில் வேலை பார்த்ததில்லை. எங்கள் யூனிட்டிலிருந்து கப்பலுக்குப் போய் வந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்குக் காகிதங்கள் தயார் செய்து கொடுத்ததும், திரும்பி வந்த அன்று மெஷினில் போட்டதும் நான்தான். அதிலிருந்தும், ஊருக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று போய் வந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்ததிலிருந்தும் சொல்கிறேன். அப்பாவின் இதயம் எப்படி இருக்கிறது என்பது உங்கள் சிறுநீரக டாக்டருக்குத்தான், அதாவது நெஃப்ராலஜிஸ்டுக்குத்தான் தெரியும். நான் சொல்வதில் எதுவும் அவர் சொல்வதற்கு மாறாக இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஆபத்து கடலில் இல்லை, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. சிறுநீர் போகாத ஒருவருக்குக் குடித்த தண்ணீர், தின்ற உப்பு, பழத்தில் வந்த பொட்டாசியம் எல்லாம் அடுத்து மெஷினில் படுக்கும்வரை உடம்பிலேயே கிடக்கும். வாரத்துக்கு மூன்று முறை என்னும்போது இரண்டு இடைவெளி இரண்டிரண்டு நாள், ஒன்று மூன்று நாள். உங்கள் அப்பாவுக்குச் சனியிலிருந்து செவ்வாய்வரை. அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் மூச்சுத்திணறல், திடீர் இதய நிறுத்தம் எல்லாம் கூடுதலாக வருகின்றன. 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், அமெரிக்காவில் 32,000-க்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளின் கணக்கை வைத்து இதைக் காட்டினார்கள். எங்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. திங்கள், செவ்வாய் காலை ஷிஃப்ட் பார்த்த எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் சொல்வார், ஆக்சிஜன் சிலிண்டர் அதிகம் உருள்வது அந்த நாட்களில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பாருங்கள். இரண்டு இரவுப் பயணம் என்றதும் எல்லோரும் வாரக்கடைசியைத்தான் எடுப்பார்கள். சனி காலை டயாலிசிஸ், மாலை கப்பல், திங்கள் காலை இறங்குதல், செவ்வாய் டயாலிசிஸ். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது, ஒரு நாள் கையிருப்பும் இருக்கிறது. ஆனால் வாரத்திலேயே மோசமான இடைவெளியில் கொண்டுபோய் பஃபே சாப்பாட்டை வைக்கிறீர்கள். ஏதோ காரணத்தால் செவ்வாய் தவறினால் இடைவெளி நான்கு நாளாகிவிடும். அப்பாவின் உடம்பு நான்கு நாள் பார்த்ததே இல்லை. வார நடுவில் போவதை யோசியுங்கள். செவ்வாய் காலை டயாலிசிஸ், அன்று மாலை கப்பல், வியாழன் காலை இறங்கி மதியம் டயாலிசிஸ். கையிருப்பு நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கப்பல் ஒரு நாள் தாமதமாகவே வந்தாலும் இடைவெளி மூன்று நாள்தான் ஆகும். அது வாரா வாரம் சனி முதல் செவ்வாய்வரை அவர் தாங்குகிற இடைவெளிதான். அதனால் நான் எப்போதும் வார நடுவைத்தான் சொல்வேன்.

கப்பல் கிளம்பும் கிழமை நம் கையில் இல்லையே என்பீர்கள். சரி, டயாலிசிஸ் கிழமையை மாற்றலாமே. வெள்ளி மாலை கப்பல் என்றால் சனிக்கிழமை ஸ்லாட்டை வெள்ளி காலைக்கு முன்னால் இழுங்கள். ஞாயிறு காலை இறங்கினால் அன்று மாலையோ திங்கள் காலையோ ஒரு ஸ்லாட் கேளுங்கள். மூன்று வாரம் முன்னால் சொன்னால் பெரும்பாலான யூனிட்டில் மாற்றிக் கொடுப்பார்கள். முதல் நாள் இரவு போன் செய்து கேட்டால் நானே "இடமில்லை சார்" என்றுதான் சொல்வேன், ஏனென்றால் உண்மையிலேயே இருக்காது. தள்ளிப்போடுவதாக எந்த மாற்றமும் வேண்டாம், எப்போதும் முன்னால் இழுப்பதாக இருக்கட்டும். டிக்கெட் போடும் முன் யூனிட்டில் பேசுங்கள், போட்ட பிறகு இல்லை.

2022 ஜூனில் கார்டீலியா கப்பல் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்தபோது எங்கள் யூனிட்டிலேயே நான்கு பேர் இதைக் கேட்டார்கள். போனது ஒருவர். பொதுவாக இங்கிருந்து கிளம்பும் குறுகிய பயணங்களில் டயாலிசிஸ் வசதி கிடையாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம், கப்பலின் கிளம்பும் நேரமும் வரும் நேரமும் மாறக்கூடிய மாதங்கள். அப்பாவுக்கு அந்த மாதங்கள் வேண்டாம். அப்புறம், டயாலிசிஸ் முடிந்த அன்றே ஏறுவதில் ஒரு சின்னச் சிரமம் உண்டு. அன்று மதியம் அவர் துவண்டு கிடப்பார், உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை என்று இரண்டு மூன்று மணி நேரம் போகும். வெட்கப்படாமல் வீல்சேர் கேளுங்கள். ஊசி எடுத்த இடத்தில் பேண்டேஜ் இருக்கும், அந்தக் கையில் பெட்டி தூக்கவோ பையை மாட்டவோ விடாதீர்கள்.

இனி சாப்பாடு. கப்பல் பயணத்தில் அப்பாவைப் படுக்கவைக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லோரும் "தண்ணி குறைச்சுக் குடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க முடியாது. இரத்தத்தில் உப்பின் அளவு ஒரே நிலையில் இருக்க உடம்பு பார்த்துக்கொள்ளும். ஏறக்குறைய 8 கிராம் உப்பு உள்ளே போனால், அதைச் சமன் செய்ய ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் விடாது. 8 கிராம் என்பது ஒன்றரை தேக்கரண்டி. கப்பல் பஃபேயில் சூப், சாஸ், சீஸ், ஊறுகாய், பொரித்த மீன் என்று ஒரு சுற்று சுற்றினாலே அதில் பாதி உள்ளே போயிருக்கும். மனக்கட்டுப்பாடு எவ்வளவு இருந்தாலும் உப்பு தின்றவருக்குத் தாகம் எடுத்தே தீரும்.

மெஷினால் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க முடியும் என்பதற்கும் எல்லை உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுத்தால் இதயத்துக்குச் சுமை என்பது பொதுவாக நாங்கள் வைத்திருக்கும் கோடு. அப்பாவின் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர். 5 கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரே முறையில் எடுக்க முடியாது. எடுக்கப் பார்த்தால் பாதியிலேயே பிரஷர் விழும், கெண்டைக்கால் சதை இழுக்கும், வாந்தி வரும். எங்கள் யூனிட்டில் ஒருவர் ராமேஸ்வரம் போய்விட்டுச் செவ்வாய் வர வேண்டியவர் புதன் வந்தார். எடை மெஷினில் ஏறியதும் 6 கிலோ 200 கிராம் கூடுதல். "இளநீர்தான் குடிச்சேன் தம்பி, வெயிலுக்கு" என்றார். பேசும்போதே மூச்சு வாங்கியது. இளநீரில் தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை, ஒரு காயில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம். ஈ.சி.ஜி. எடுத்தால் டி அலைகள் கூர்முனையாக நின்றன, பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். அன்று மெஷினில் போட்டு, மறுநாளும் போட்டுத்தான் சமாளித்தோம். அவர் இருந்தது தரையில், ஊசி மருந்தும் மெஷினும் பத்தடி தூரத்தில்.

கப்பலில் இளநீர் கிடைக்காமல் போகலாம், ஆரஞ்சு ஜூஸ், தக்காளி ஜூஸ், வெட்டிவைத்த முலாம்பழம், வாழைப்பழம் எல்லாம் காலையிலேயே வரிசையாக இருக்கும். ஆப்பிள், அன்னாசி ஒரு சின்னக் கிண்ணம், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டார் ஃப்ரூட், ஊரில் தமரத்தங்காய் என்பார்கள். நறுக்கினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும், அழகுக்காகத் தட்டின் ஓரத்திலும் ஜூஸ் கிளாஸின் விளிம்பிலும் செருகிவைப்பார்கள். கரீபியன் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது நேராக மூளையைத் தாக்கும் நச்சு. விடாத விக்கலில் ஆரம்பித்து, குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்துவரை போகும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

நடைமுறையில் நான் சொல்லி அனுப்புவது இது. 200 மில்லி டம்ளர் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அந்த டம்ளரில் மட்டும் குடிக்கட்டும். டாக்டர் ஒரு நாளைக்கு 750 மில்லி என்று சொல்லியிருந்தால் காபி, மோர், சூப், ஐஸ் கட்டி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஐஸ் கட்டியும் உருகினால் தண்ணீர்தான், பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், எலுமிச்சைத் துண்டை உறிஞ்சலாம். டிக்கெட் போடும்போதே உப்புக் குறைந்த சாப்பாடு வேண்டும் என்று எழுதிக் கேட்டால் சமையல்கட்டில் தனியாகச் செய்துதரும் வழக்கம் பெரிய கப்பல்களில் உண்டு. சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரையைக் கேபினில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். செவலாமர் மாதிரியானவை சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும்.

நடுக்கடலில் ஏதாவது ஆனால்? கப்பலில் டாக்டரும் நர்சும் இருப்பார்கள். ஈ.சி.ஜி., ஆக்சிஜன், ஊசி மருந்து, டிரிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் உண்டு. பொட்டாசியம் ஏறினால் கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின், நெபுலைசர் கொடுத்துச் சில மணி நேரம் சமாளிக்கலாம். அவை பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும், அல்லது இதயத்தைக் காக்கும், வெளியே எடுக்காது. நுரையீரலில் நீர் கோத்தால் மற்றவர்களுக்குச் சிறுநீர் பிரியும் ஊசி போடுவார்கள், அப்பாவுக்கு அது அநேகமாக வேலை செய்யாது. அவருக்கு மருந்து என்றால் டயாலிசிஸ்தான், அது கரையில் இருக்கிறது. ஹெலிகாப்டர் எல்லா இடத்துக்கும் எட்டாது, எட்டினாலும் அதன் செலவு கப்பல் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. இரண்டு இரவுப் பயணத்தில் கரை சில மணி நேரத் தூரத்தில் இருப்பது இதனால்தான் முக்கியமாகிறது. பொட்டாசியத்தை இறக்கும் பவுடர் சில பாக்கெட்டுகள் கையில் வைத்துக்கொள்ளலாமா, எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு வாழைப்பழம் சாப்பிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அண்ணன் சொல்லும் ஏழு இரவுக்கு வருவோம். முடியாத காரியம் இல்லை. டயாலிசிஸ் அட் சீ என்ற அமெரிக்க நிறுவனம் 1977 முதல் இதையே தொழிலாகச் செய்கிறது. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்களின் குறிப்பிட்ட பயணங்களில் மெஷின்களையும் நெஃப்ராலஜிஸ்ட், நர்ஸ், டெக்னீஷியன் அடங்கிய குழுவையும் ஏற்றிப் போகிறார்கள். எல்லாக் கப்பலிலும் எல்லாத் தேதியிலும் கிடைக்காது. டிக்கெட்டையும் அவர்கள் வழியாகவே எடுப்பதுதான் முறை. அண்ணன் சலுகை விலை பார்த்து ஏதோ ஒரு கப்பலில் முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு டயாலிசிஸ் தேடினால் காசு போய்விடும். டயாலிசிஸுக்கான கட்டணம் தனி, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கும் அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்குப் பணம் தருவதில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் என் தொழில் ஆசைக்காக ஒன்று. ஒரு டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்தத் தண்ணீர் மெஷினுக்குள் ஓடுகிறது. வாரத்துக்கு 360 லிட்டர். நீங்களும் நானும் வாரம் முழுக்கக் குடிப்பது 14 லிட்டர்தான். அந்தத் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும். கப்பல் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்தம் செய்து குளோரின் கலந்தது. குடிக்க நல்லது, டயாலிசிஸுக்கு அப்படியே ஆகாது. குளோரினும் குளோரமினும் தப்பிப்போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அதனால் கரி வடிகட்டியும் ஆர்.ஓ.வும் கப்பலிலும் வேண்டும். யாராவது "கப்பல்ல மெஷின் இருக்கு" என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி, தண்ணீரை யார் சோதிக்கிறார்கள், எத்தனை தடவை என்பதுதான். மெஷின் இருக்கிறதா என்று யாரும் கேட்கலாம், இதை நீங்களும் கேளுங்கள்.

ஏழு இரவில் எனக்குக் கவலை தருவது கப்பலைவிட அதற்கு முந்தைய விமானம். சென்னையிலிருந்து ஃப்ளோரிடா போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடிகாரம் வேறு பின்னால் போகும். இங்கே வியாழன் காலை 8 மணிக்கு முடித்த டயாலிசிஸை அங்கே சனி காலை 8 மணிக்குத் தொடர்ந்தால் காலண்டரில் இரண்டு நாள்தான், உடம்புக்கு அதைவிடச் சுமார் பத்து மணி நேரம் அதிகம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்துக் கிளம்பினால் நீண்ட இடைவெளி இன்னும் நீளும். வியாழன் முடித்து அன்று இரவே கிளம்பி, அங்கே சனியன்று ஒரு யூனிட்டில் இடம் பிடித்து, அதன் பிறகு கப்பல் ஏறுவதுதான் சரியான வரிசை. கப்பல் ஏறுவதற்கு முதல் நாளோ அன்றைய காலையோ ஒரு டயாலிசிஸ் இருக்க வேண்டும். அந்த வெளியூர் யூனிட் இடத்தை மாதக்கணக்கில் முன்னால் பிடிக்க வேண்டும். அங்கே காப்பீடு இல்லாமல் ஒரு டயாலிசிஸின் விலை என்ன என்று அண்ணனை நேராகப் போன் போட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு குடும்பத்தில் பேச்சு வேறு மாதிரி போகலாம்.

சிலர் மூன்றாவதாக ஒரு வழி சொல்வார்கள்: கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கி அங்கே உள்ள யூனிட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டு மீண்டும் ஏறிக்கொள்வது. காகிதத்தில் அழகாக இருக்கும், எனக்குப் பிடிக்காது. கப்பல் நிற்பது எட்டு, பத்து மணி நேரம். இறங்கும் வரிசை, கார், ஊசி போடுமுன் பரிசோதனை, நான்கு மணி நேர டயாலிசிஸ், இரத்தம் நிற்கக் கால் மணி, திரும்பும் பயணம். ஒரு மெஷின் தகராறு செய்தால் கப்பல் போய்விடும். காற்று பலமாக அடித்தால் அந்தத் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டுக் கப்பல் அடுத்த ஊருக்குப் போவதும் உண்டு, அப்போது இடைவெளி உங்கள் கையில் இல்லை. இரவு தங்கி நிற்கும் துறைமுகம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி. செய்பவர்கள் இதைப் படித்தால் உங்களுக்குக் கதையே வேறு. மெஷினும் வேண்டாம், இடைவெளியும் இல்லை. சுமைதான் பிரச்சினை. வயிற்றுக்குள் விட்டு எடுக்கும் திரவம் நாளைக்கு நான்கு 2 லிட்டர் பை என்றால் 8 கிலோ, ஏழு நாளைக்கு 56 கிலோ, கூடுதல் பைகள் தனி. பை தயாரிக்கும் நிறுவனம் கப்பலுக்கே அனுப்பும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு, நம்மூரில் குறுகிய பயணத்துக்கு நாமே தூக்கிப் போக வேண்டியதுதான். பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, கை கழுவ ஆல்கஹால், ஜன்னல் மூடி, ஏசி நிறுத்திவிட்டு மாற்றுவது. வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் அது கிருமித் தொற்று, பயணம் முடியும்வரை காத்திருக்கக்கூடாது. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன்.

ஃபிஸ்டுலா கையைப் பற்றி. அப்பாவுக்குத் தினம் காலை எழுந்ததும் அதன்மேல் விரல் வைத்துப் பார்க்கத் தெரியுமா என்று கேளுங்கள். வைப்ரேட்டில் போட்ட செல்போனைத் தொட்ட மாதிரி இருக்க வேண்டும். அந்த அதிர்வு நின்றுபோனால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கிறது, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். கப்பலில் இது ஏன் முக்கியம் என்றால், ஆட்டத்தில் வாந்தி எடுத்து, சாப்பிடாமல், பிரஷர் விழுந்தால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளக்கூடும். கப்பல் ஆட்டம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸில் மலை ஏறும்போது வாந்தி எடுப்பவரா என்பது ஒரு சின்னத் துப்பு, அவ்வளவுதான். வாந்திக்கான மாத்திரையைப் பெயரும் அளவும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். அந்த மருந்துகளில் சில சிறுநீரகம் இல்லாதவர்களுக்குப் பாதி அளவே போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது, டாக்டரைக் கேட்டுத்தான். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ கப்பல் நர்சை விடக்கூடாது. கழுத்து வழி பெர்ம்கேத் (டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயில் வைத்த டியூப்) இருப்பவர்களுக்கு நீச்சல் குளம், ஜக்குஸி எதுவும் கிடையாது. அப்பாவுக்கு ஃபிஸ்டுலா என்பதால் ஊசி குத்திய நாள் தவிர மற்ற நாளில் குளத்தில் கால் நனைத்துக்கொள்ளலாம்.

காகிதங்கள்: கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட், ட்ரை வெயிட், டயலைசர் (இரத்தத்தை வடிகட்டும் குழல்) பெயர், ஊசி அளவு, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் அளவு, மருந்துப் பட்டியல், அலர்ஜி, சமீபத்திய ஈ.சி.ஜி., ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட். ஒரு நகல் கையில், ஒன்று உங்கள் போனில். இரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி கொண்டுபோவதாக இருந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கேபின் மினி பார் அதற்கு ஆகாது, மருத்துவ ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயணக் காப்பீட்டை வாங்குமுன், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்ற பகுதியை மட்டும் கண்ணாடி போட்டுப் படியுங்கள். பல பாலிசிகளில் அப்பாவுக்கு எது வந்தாலும் அதைக் காட்டித்தான் மறுப்பார்கள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற அவர் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், எந்தத் தேதிகளில் ஊரில் இல்லை என்பதை மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். போன் வரும்போது நடுக்கடலில் இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால்: சென்னை இரண்டு இரவுக்கு, டாக்டர் சரி என்றால், போய் வாருங்கள். கரீபியனை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், மெஷினில் அடிக்கடி பிரஷர் விழுபவர், இதயத்தின் பம்ப் பலவீனம் என்று எக்கோவில் வந்தவர், வாரா வாரம் 3 கிலோவுக்கு மேல் ஏற்றிவருபவர் என்றால் இரண்டு இரவும் வேண்டாம் என்பேன். கடைசி வகையை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. டிக்கெட் போடும் முன் ஒரு செவ்வாய் டயாலிசிஸ் முடிந்ததும் அவரை ஒரு உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கவையுங்கள். வெளியே சாப்பிடட்டும், ஹோட்டலுக்குப் போகட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று தடுக்காதீர்கள். வியாழன் காலை எடை மெஷினில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு முறை இப்படிச் செய்து இரண்டு முறையும் இரண்டரை கிலோவுக்குள் வந்தால் கப்பலிலும் சமாளிப்பார் என்று ஓரளவு நம்பலாம்.

திரும்பி வந்த பிறகு ஒன்று பாக்கி இருக்கும். வெளியில் வேறு யூனிட்டில் ஒரு முறையாவது மெஷினில் படுத்திருந்தால் உங்கள் யூனிட்டில் ஹெபடைடிஸ் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், ரிசல்ட் வரும்வரை தனி மெஷினில் போடலாம். கோபப்படாதீர்கள், பக்கத்துப் படுக்கைக்காரரும் ஒருவருக்கு அப்பாதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டு ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. எங்கள் யூனிட்டிலிருந்து போன அந்த ஒருவர் திரும்பி வந்த அன்று கப்பலின் மெனு அட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார். சாப்பிடக்கூடாததையெல்லாம் அவர் மனைவி பேனாவால் அடித்திருந்தார். மிஞ்சியது ஆறு வரி. எடை கூடியிருந்தது 1 கிலோ 800.